கிரிஸ்பி க்ரீம் டோனட்டுக்கு இவ்வளவு பெரிய வரிசை தகுமா?

ராலேவாசி கேட்டது:

வார இறுதியில் கிரிஸ்பி க்ரீம் கடைப் பக்கம் போனால் வண்டி வரிசை தெருமுனை வரை நிற்கிறது. டோனட் இப்போது சூடாக இறங்குகிறது என்று சொல்லும் 'ஹாட் நவ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதைப் போல டோனட் உலகத்தில் கிடையாது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வெறும் காற்றும் சர்க்கரையும்தானே, இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று இன்னொரு சாரார். இரண்டு கட்சியும் ஒரே பண்டத்தைத்தான் சாப்பிடுகிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது.

தொழில் தெரிந்தவர்கள் விளக்குங்கள். அந்தச் சாதாரண சர்க்கரைப் பூச்சு வளையத்தில் உண்மையிலேயே ஏதாவது திறமை இருக்கிறதா, அல்லது விளம்பரம் மட்டும்தானா? மற்ற செயின் கடைகளோடு ஒப்பிட்டால் எப்படி? முடிந்தால் வீட்டில் அதற்குக் கிட்டத்தட்ட வருவதற்கு வழியும் சொல்லுங்கள்.


அடுமனைக்கை:

உங்கள் சந்தேகம் சரியானதுதான். இரண்டு கட்சியும் சாப்பிடுவது ஒரே பண்டம் இல்லை. எண்ணெயிலிருந்து ஏறி இருபது நிமிடம் ஆகாத வளையம் ஒன்று, காலையில் சுட்டுப் பெட்டியில் அடைத்து லாரியில் போன வளையம் இன்னொன்று. மாவும் அளவும் ஒன்றுதான், ஆனால் வாயில் இரண்டும் வேறு வேறு.

முதலில் அது எப்படி உருவாகிறது என்று பாருங்கள். கடைக்குள்ளேயே இயந்திரம் உள்ள கிளைகளில் கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும். ஈஸ்ட் போட்ட மிகத் தளர்வான மாவு வளையங்கள் தட்டுகளில் ஏறி, வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள பெட்டிக்குள் மேலும் கீழுமாகப் பயணம் போகும். அங்கே அரை மணிக்கு மேல் பொங்கிய பிறகு கொழுப்பில் இறங்கும். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம், பிறகு புரட்டல், மறு பக்கமும் அதே அளவு. வெளியே வந்த உடனே சர்க்கரைக் கரைசல் திரை போல விழும் இடத்தின் அடியில் போகும். சூட்டோடு அந்தத் திரைக்குள் நுழைவதுதான் முழு வித்தையும்.

சூடான வளையத்தின் மேல் விழும் கரைசலில் உள்ள தண்ணீர் சட்டென்று ஆவியாகி, சர்க்கரை மெல்லிய தகடாகப் படியும். பாதுஷாவின் மேல் சர்க்கரை பூக்கிறதே, அதே தத்துவம்தான், ஆனால் தாளை விட மெல்லியதாக. அப்படி ஒன்றைக் கையில் எடுத்தால் விரலுக்கு இரண்டு பக்கமும் தொய்ந்து விழும். தகடு மெல்ல விரிசல் விடும். பல் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, முழு வளையமும் நாக்கில் ஒரு வாயாகச் சுருங்கிப்போகும். இந்தப் பதம் சும்மா வருவதில்லை. மாவு இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பொங்கியிருந்தால் எண்ணெயில் அமுங்கிவிடும், ஐந்து நிமிடம் குறைந்திருந்தால் பன் ஆகிவிடும். நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் அந்த எல்லைக்குள் நிறுத்துவது பெரிய காரியம். அதற்கு நான் முழு மனதோடு கை தட்டுவேன்.

இப்போது ஆறிய வளையத்துக்கு வருவோம். மூன்று விஷயம் ஒரே நேரத்தில் கெடுகிறது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகத் தொடங்கும், அதனால் பஞ்சு ரப்பராகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே நகர்ந்து சர்க்கரைத் தகட்டைக் கரைக்கும், மூடிய பெட்டி என்றால் பூச்சு பிசுபிசுவென்று மூடியில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது கொழுப்பு. செயின் கடைகள் பெரும்பாலும் பனை எண்ணெயில் செய்த ஷார்ட்டனிங் என்ற கெட்டிக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. அறை வெப்பத்தில் அது உறைவதால் ஆறிய டோனட் கையில் எண்ணெய் விடாது, பூச்சும் வழுக்காது. வியாபாரத்துக்கு அது நல்லது. ஆனால் உறைந்த கொழுப்பு மேல் அண்ணத்தில் மெழுகு போலப் படியும். அந்த 'வெறும் சர்க்கரை' என்ற புகார் அங்கேதான் பிறக்கிறது. சூட்டில் நெய் போல உருகிப் போவது, ஆறினால் அப்படியே நின்றுவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. சிவப்பு விளக்கு எரியும்போது பதினைந்து நிமிடம் நிற்கலாம், தகும். பெட்டிக்காக ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம்.


பழைய ரசீது:

மேலே சொன்னதற்கு வியாபார வரலாறும் சாட்சி. வெர்னன் ருடால்ஃப் 1937 ஜூலையில் வின்ஸ்டன்-சேலத்தில் கடை தொடங்கியபோது அவருடைய திட்டம் மளிகைக் கடைகளுக்கு மொத்தமாகப் போடுவதுதான். தெருவில் போனவர்கள் வாசனைக்கு நின்று, சூடாக வேண்டும் என்று கேட்டார்கள். சுவரில் ஒரு துளை வெட்டி அந்த வழியாக விற்கத் தொடங்கினார். ஆறியது மளிகைக்கு, சூடானது ஜன்னலுக்கு என்று முதல் நாளிலிருந்தே இரண்டு பண்டம். புகழ் எல்லாம் ஜன்னல் சம்பாதித்தது. ஆனால் பணத்தாசை வந்தபோதெல்லாம் நிறுவனம் மளிகைப் பக்கம்தான் ஓடியது.

2000 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்ததும் கிளைகள் வேகமாகப் பெருகின. சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் நிலையம் என்று எங்கும் பெட்டிகள் போய் உட்கார்ந்தன. 2004ல் லாபம் குறையும் என்று அறிவித்ததும் பங்கு விலை தலைகுப்புற விழுந்தது. மக்கள் மாவுச்சத்தைக் குறைக்கும் உணவு முறைக்குப் போனதுதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. எனக்கு அது பாதிக் காரணம்கூட இல்லை. எங்கே திரும்பினாலும் ஆறிய டோனட் கிடைத்தால், சூடான டோனட்டின் மேல் இருந்த மயக்கமும் தெளிந்துவிடும்.

அதே பாடம் சமீபத்தில் மறுபடி நடந்தது. மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்குத் தினமும் டோனட் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒப்பந்தம் சுமார் 2,400 கடைகள் வரை விரிந்து, 2025 ஜூலை தொடக்கத்தில் முடித்துக்கொள்ளப்பட்டது. செலவுக்குத் தக்க விற்பனை இல்லை. ஒவ்வொரு கடைக்கும் தினமும் லாரி போய் வரும் செலவை ஆறிய டோனட் தாங்காது.

மற்ற செயின்களைக் கேட்டீர்கள். டன்கின் 1950ல் மாசசூசெட்ஸின் குவின்சியில் வில்லியம் ரோசன்பெர்க் தொடங்கியது. இன்று அது காபிக் கடை, டோனட் அதற்குத் துணை. 2019 ஜனவரி முதல் பெயரிலிருந்து 'டோனட்ஸ்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள், அது நேர்மையான முடிவுதான். பெரும்பாலான கிளைகளில் டோனட் பொதுச் சமையற்கூடத்திலிருந்து வருகிறது. கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸ் கதை இன்னும் வருத்தமானது. 1964ல் ஹாமில்டனில் தொடங்கிப் பல ஆண்டுகள் கடையிலேயே இரவில் சுட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் பிராண்ட்ஃபோர்டில் உள்ள ஆலையில் முக்கால் பதம் வேகவைத்து உறையவைத்து அனுப்பும் முறைக்கு மாறினார்கள். கடையில் அதை அடுப்பில் சூடாக்கிப் பூச்சு போடுவதோடு சரி. வேலை எளிதாயிற்று, வீணாவதும் குறைந்தது, ஆனால் பழைய ருசி போயிற்று.

செயின் என்றாலே மட்டம் என்று சொல்லிவிடவும் முடியாது. பாஸ்டனில் 1956ல் பிறந்த மிஸ்டர் டோனட்டை ஜப்பானின் டஸ்கின் நிறுவனம் 1971ல் ஒசாகா அருகே மினோவுக்குக் கொண்டுபோனது. அங்கே பல கிளைகளில் இன்றும் கடைக்குள்ளேயே பொரிக்கிறார்கள். எட்டு உருண்டைகளைச் சேர்த்த மாதிரி இருக்கும் 'பான் டி ரிங்' 2003ல் வந்தது. மரவள்ளி மாவு சேர்வதால் ஆறிய பிறகும் கொழுக்கட்டை போல ஒரு இழுவை இருக்கும். ஆறிப் போவதை எதிர்த்துப் போராடாமல், ஆறினாலும் நன்றாக இருக்கும் மாவைத் தேடிப் பிடித்தார்கள். அமெரிக்க செயின்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.


ராலேவாசி:

இரண்டு பேருக்கும் நன்றி. பெட்டி வாங்கிவிட்டால் அதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா? வீட்டுக் குறிப்புக்கும் காத்திருக்கிறேன். ஸ்டாண்ட் மிக்ஸர், வெப்பமானி இரண்டும் இருக்கின்றன.


உப்பும் சர்க்கரையும்:

பெட்டிக்கு: மைக்ரோவேவில் ஒரு வளையம், எட்டு விநாடி, அதற்கு மேல் வேண்டாம். இறுகிய மாவுச்சத்து 60 டிகிரி செல்சியஸ் அருகில் மறுபடி தளரும், கொழுப்பும் உருகும். பூச்சு மட்டும் பழைய தகடாகத் திரும்பாது, கொஞ்சம் கசியும். உடனே சாப்பிட்டுவிடுங்கள், ஐந்து நிமிடம் விட்டால் முன்னைவிட மோசமாக இறுகும். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து மிக வேகமாக இறுகும். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஃப்ரீசரில் வையுங்கள்.

வீட்டில் செய்ய, பதினாறு வளையம் வரை வரும் அளவு: மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 260 மி.லி., ஒரு முழு முட்டையும் ஒரு மஞ்சள் கருவும், சர்க்கரை 60 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 70 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம், ஜாதிக்காய்த் தூள் கால் தேக்கரண்டி. அமெரிக்காவில் இருப்பதால் ஆல்-பர்பஸ் மாவு பாதி, பிரெட் மாவு பாதி என்று கலந்துகொள்ளுங்கள். முழுக்க பிரெட் மாவு போட்டால் மெல்ல வேண்டியிருக்கும், முழுக்க மென்மையான மாவு என்றால் பொங்கிய காற்றைத் தாங்காமல் அமுங்கும்.

வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் போட்டு மிக்ஸரில் மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம் பிசையுங்கள். பிறகு வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து நடுத்தர வேகத்தில் இன்னும் எட்டு முதல் பத்து நிமிடம். மாவு கிண்ணத்தின் ஓரத்தை விட்டு வரும், ஆனால் அடியில் லேசாக ஒட்டும். அந்த ஒட்டலுக்குப் பயந்து மாவு தூவத் தொடங்கினால் அங்கேயே பன் ஆகிவிட்டது என்று அர்த்தம். சிறு உருண்டை எடுத்து இரு கையால் இழுத்துப் பாருங்கள், கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவு ஜவ்வாக விரிய வேண்டும்.

இரண்டு மடங்காகும் வரை ஒரு மணி நேரம் மூடிவைக்கலாம். அதைவிட நல்லது, அரை மணி வெளியே வைத்துவிட்டு இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது. குளிர்ந்த மாவைத் திரட்டுவது எளிது, மணமும் கூடும். (சுட்ட டோனட்டுக்குத்தான் அந்தக் குளிர் ஆகாது, மாவுக்கு ஆகும்.)

ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்துக்குத் திரட்டி, மூடிப் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஓய்வில்லாமல் வெட்டினால் வட்டம் முட்டை வடிவமாகச் சுருங்கும். 8 சென்டிமீட்டர் வளையம், நடுவில் 3 சென்டிமீட்டர் துளை. வெட்டும்போது அச்சைத் திருகாமல் நேராக அழுத்துங்கள், திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் எழும்பும். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சதுர பார்ச்மென்ட் தாளில் வையுங்கள். இதைத் தவிர்க்கவே வேண்டாம். பொங்கிய வளையத்தைக் கையால் தூக்கினால் விரல் பட்ட இடம் அமுங்கிவிடும். தாளோடு எண்ணெயில் இறக்கினால் சில விநாடியில் தாள் தானாகக் கழன்றுவரும், இடுக்கியால் எடுத்துவிடலாம்.

இரண்டாவது பொங்கல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு தட்டை வைத்தால் 32 முதல் 35 டிகிரி கிடைக்கும், ஈரமும் இருக்கும். அறை வெப்பத்து மாவுக்கு 30 முதல் 40 நிமிடம், குளிர்ந்த மாவுக்கு ஒரு மணிக்கு மேல். கடிகாரத்தை நம்பாதீர்கள். ஓரத்தில் விரல் நுனியால் மெல்லத் தொட்டால் பள்ளம் மெதுவாகப் பாதி மட்டும் திரும்ப வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் நேரம் வேண்டும். நிமிரவே இல்லை என்றால் தாண்டிவிட்டது.

எண்ணெய் 180 முதல் 185 டிகிரி. குறைந்தது ஏழு சென்டிமீட்டர் ஆழம், ஒரு முறைக்கு இரண்டு அல்லது மூன்று வளையம். ஒரு பக்கம் 60 விநாடி, ஒரே ஒரு முறை புரட்டல்.

பூச்சுக்கு: ஐசிங் சுகர் 300 கிராம், சூடான பால் 70 மி.லி., வெனிலா ஒரு தேக்கரண்டி, சிட்டிகை உப்பு. கடையில் வாங்கும் ஐசிங் சுகரில் கொஞ்சம் சோள மாவு இருக்கும், பூச்சு உலர அது உதவும். வீட்டில் அரைத்த சர்க்கரை என்றால் ஒரு மேசைக்கரண்டி சோள மாவு சேருங்கள். கிண்ணத்தை வெந்நீர் மேல் வைத்து 45 டிகிரி அளவில் காத்து வைத்திருங்கள், ஆறினால் கெட்டியாகி மொத்தமாகப் படியும். எண்ணெயிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் கம்பித் தட்டில் வடியவிட்டு, சூடாக இருக்கும்போதே இரு பக்கமும் தோய்த்து மறுபடி கம்பித் தட்டில் வையுங்கள். தாளில் வைத்தால் அடிப்பக்கம் ஊறிப்போகும். ஏழெட்டு நிமிடத்தில் தகடு பிடிக்கும்.


லாங்பீச் தமிழர்:

கிழக்குக் கரை ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'செயின் கடை தகுமா' என்ற கேள்வியே லாஸ் ஏஞ்சலஸில் வேறு மாதிரி இருக்கும். இங்கே டோனட் என்றால் தெருமுனைச் சிறு கடை, இளஞ்சிவப்பு அட்டைப் பெட்டி. அந்தக் கடைகளில் பெரும்பாலானவை கம்போடியக் குடும்பங்களுடையவை. 1975ல் அகதியாக வந்த டெட் ங்கோய், வின்ஷெல்ஸ் என்ற செயின் கடையில் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தக் கடைகள் திறந்து, அவற்றைப் பின்னால் வந்த அகதிக் குடும்பங்களுக்குக் குத்தகைக்கு விட்டார். வெள்ளைப் பெட்டியை விட இளஞ்சிவப்பு அட்டை மலிவாகக் கிடைத்ததால்தான் அந்த நிறம் என்று சொல்வார்கள். செயின் கடை கற்றுக்கொடுத்த தொழிலே செயின் கடைகளைத் தெற்குக் கலிஃபோர்னியாவில் தலைதூக்க விடவில்லை.

ருசியில் வித்தியாசம் எங்கே என்றால், இந்தக் கடைகள் நள்ளிரவில் தொடங்கி விடியற்காலையில் சுட்டு முடிக்கின்றன. காலை ஆறு மணிக்குப் போனால் சிவப்பு விளக்குக் கடைக்கு ஒரு படி கூடவே நிற்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் போய் ஈஸ்ட் வளையம் வாங்கினால் பெட்டி டோனட் கதைதான். அந்த நேரத்தில் ஈஸ்ட் வளையத்தை விட்டுவிட்டு 'ஓல்ட் ஃபேஷன்ட்' கேளுங்கள். பேக்கிங் பவுடர் போட்டு, புளிப்பு க்ரீம் அல்லது மோர் சேர்த்து, ஈஸ்ட் வளையத்தை விடக் குறைந்த சூட்டில் நிதானமாகப் பொரிப்பது. ஓரம் பூப்போல வெடித்து மொறுமொறுவென்று இருக்கும், பன்னிரண்டு மணி நேரம்கூடத் தாங்கும். எந்த ஊரானாலும் நேரம் கடந்து போனால் அதுதான் பாதுகாப்பான தேர்வு.


ராலேவாசி:

நேற்று மாவு பிசைந்து, இன்று காலை சுட்டாயிற்று. உப்பும் சர்க்கரையும் அவர்களே, சுவை அருமை, ஆனால் இரண்டு கேள்வி. வளையத்தின் நடுவில் கடையில் தெரியும் அந்த வெள்ளைக் கோடு எனக்கு வரவில்லை. கடைசி நான்கு வளையம் எடுத்ததும் சுருங்கித் தோல் சுருக்கம் விழுந்துவிட்டது, எண்ணெயும் குடித்திருந்தது.


உப்பும் சர்க்கரையும்:

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வெள்ளைக் கோடு என்பது எண்ணெய் தொடாத இடுப்பு. வளையம் போதுமான காற்றோடு உயரமாக மிதந்தால் நடுப்பகுதி எண்ணெய்க்கு மேலேயே நின்றுவிடும். முதலில் போட்டவை இன்னும் பொங்க வேண்டியவை, அதனால் கனத்து ஆழமாக மூழ்கின. கடைசி நான்கும் காத்திருந்த நேரத்தில் அளவு தாண்டிப் பொங்கிவிட்டன. மாவின் வலைப்பின்னல் காற்றைத் தாங்கும் எல்லையைக் கடந்ததால் எண்ணெயை விட்டு வந்ததும் சரிந்தது, ஓட்டை வழியாக எண்ணெயும் ஏறியது.

சரிசெய்ய வழி: பதினாறையும் ஒரே நேரத்தில் ஓவனுக்குள் வைக்காதீர்கள். முதல் எட்டை வெப்பத்தில் வையுங்கள், மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் தாளோடு வைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்து ஓவனுக்கு மாற்றுங்கள். முதல் தட்டு சுட்டு முடியும்போது இரண்டாவது தயாராக இருக்கும்.


அடுமனைக்கை:

இதோடு வெப்பமானியையும் பாருங்கள். வீட்டு அடுப்பில் மூன்று வளையம் போட்டதுமே எண்ணெய் 170க்குக் கீழே இறங்கிவிடும். அடுத்ததைப் போடும் முன் 182 வரும் வரை காத்திருங்கள். 195ஐத் தாண்டினால் வெளியே கறுத்து, துளையைச் சுற்றி உள்ளே பச்சை மாவு நிற்கும். எண்ணெய் பற்றி ஒன்று: உடனே சாப்பிடுவதானால் சூரியகாந்தி எண்ணெயே போதும். மாலை வரை வைத்திருந்து விருந்தாளிகளுக்குக் கொடுப்பதானால் தாவர எண்ணெய் ஷார்ட்டனிங் வாங்கிக்கொள்ளுங்கள், திரவ எண்ணெயில் பொரித்தது நாலைந்து மணி நேரத்தில் எண்ணெய் கசிந்து பூச்சைத் தள்ளிவிடும். வெட்டி எடுத்த நடு உருண்டைகளை முதலில் போட்டு எண்ணெயின் சூட்டைச் சோதியுங்கள், ஒரு பக்கம் 35 விநாடியில் பொன்னிறம் வந்தால் வளையத்துக்கும் அந்தச் சூடு சரி.